துட்டி கேட்கப் போன டாக்டர்

குரு சீடனை "சார்" என்று கூப்பிடுகிற ஊர் எங்கேயாவது உண்டா? எங்கள் ஆஸ்பத்திரியில் உண்டு.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் டாக்டர் பெனினாள். சீடருக்கு ஐம்பத்துநாலு. பெயர் டாக்டர் ஆவுடையப்பன். நான் நவமணி, இங்கே நர்ஸ். உப்பளத்து ஜனங்களுக்காக ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி இது. ரெண்டு டாக்டர், நாலு நர்ஸ், பன்னிரண்டு கட்டில்.

ஆவுடையப்பன் சார் பெரிய நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நிர்வாகம் பார்த்தவர். ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றார். "நான் டாக்டருக்குப் படிச்சவன்கிறதே மறந்துபோச்சு மேடம். திரும்பக் கத்துக்கொடுங்க" என்றார். வயதில் சின்னவர்களிடம் போய் இப்படிக் கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

டாக்டரம்மா உட்கார்ந்து பாடம் எடுக்கிற ரகம் இல்லை. "இந்த ஜனங்க மாத்திரையை ஏன் மேடம் ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கிறாங்க?" என்று சார் ஒரு தடவை எரிச்சலோடு கேட்டார். டாக்டரம்மா சத்து மாத்திரை ஒரு டப்பாவை அவர் கையில் கொடுத்தார்.

"தினம் மூணு வேளை சாப்பிடுங்க சார். ஒரு மாசம் கழிச்சுப் பேசுவோம்."

எட்டாம் நாள் நான் போய், "இன்னைக்கு மாத்திரை ஆச்சா சார்?" என்றேன். அவர் முழித்த முழி இருக்கிறதே! அதற்கப்புறம் மாத்திரைக்காக அவர் யாரையும் திட்டவில்லை.

சார் வந்து ஐந்தாம் மாதம் மெஷின் வந்தது. அவர்தான் வரவழைத்தார். வாசலில் கம்பியில் பொருத்திய ஒரு திரை, அவ்வளவுதான். நல்ல தமிழில் பேசும். ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆமாம் இல்லை என்று பதில் வாங்கிக்கொள்ளும். கடைசியில் என்ன வியாதியாக இருக்கலாம் என்று எழுதி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு நிறம் காட்டும். சிவப்பு என்றால் ஓடணும். பச்சை என்றால் பயமில்லை.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார மெஷின். வயிற்றுவலி என்று வந்த ஒரு லாரி டிரைவருக்குச் சிவப்பு காட்டியது. பார்த்தால் மாரடைப்பு. ஆள் இன்றைக்கும் லாரி ஓட்டுகிறார். காலைக் கூட்டம் பதினோரு மணிக்கெல்லாம் கலைந்தது. எனக்கே உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்தது.

ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளி வாயைத் திறக்கமாட்டார். கூட வந்தவர்தான் பேசுவார். பெண்டாட்டிக்குப் புருஷன் பேசுவான், மாமியாருக்கு மருமகள் பேசுவாள். டாக்டரம்மா முதல் வேலையாக, "நீங்க போய் சீட்டு வாங்கிட்டு வாங்க" என்று கூட வந்தவரை வெளியே அனுப்பிவிடுவார். அப்புறம் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு, "ம், சொல்லுங்க" என்பார். சிலர் அதற்கே அழுதுவிடுவார்கள். சீட்டு முன்னாலேயே வாங்கியாகியிருக்கும், மேஜைமேல்தான் கிடக்கும். மேடத்துக்கு மறதி ஜாஸ்தி போல என்று சார் நினைத்துக்கொண்டார்.

மெஷின் யாரையும் வெளியே அனுப்பாது. யார் பதில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும்.

அது ஒரு திங்கட்கிழமை. டாக்டரம்மா பிரசவ அறையில் இருந்தார். சண்முகக்கனி என்று ஒரு பெண், நாற்பத்தாறு வயது, புருஷன் அய்யாத்துரையோடு வந்தாள். ரெண்டு பேரும் ஒரே உப்பளத்தில் வேலை. அவர் உப்பு வாருவார், அவள் கூடையில் சுமப்பாள். மெஷின் கேட்கக் கேட்க அய்யாத்துரை பதில் சொன்னார். தலைசுற்றல் உண்டா? ஆமாம். வெயிலில் வேலையா? ஆமாம். நெஞ்சுவலி உண்டா? இல்லை. காய்ச்சல்? இல்லை.

வெயில் அசதி என்று எழுதிப் பச்சை காட்டியது.

சார் திரையைப் பார்த்துவிட்டு, "வெயில்ல நிக்காதீங்கம்மா. உப்பு சர்க்கரைத் தண்ணி நிறைய குடிங்க" என்றார்.

"சரிங்க சார்" என்றார் அய்யாத்துரை.

அவள் சேலைத் தலைப்பை உருட்டித் தாடையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பல்வலியாக்கும் என்று நினைத்தேன். உப்பு சர்க்கரைப் பொட்டலங்களை அவள் கையில் கொடுத்தபோது அந்தக் கை வேர்த்து ஜில்லென்று இருந்தது. வெளியே இன்னும் முப்பது பேர் நின்றார்கள். நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போய்ச் சேரும்போது உயிர் இல்லை. மாரடைப்பு, அது ஆரம்பித்து ஒரு நாளாவது ஆகியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். கேட்டதும் எனக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. பாத்ரூமில் போய் அழுதேன்.

ஆறாம் நாள் சார் ஒரு காகிதத்தோடு டாக்டரம்மா அறைக்கு வந்தார். நான் ஊசி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மேடம், மெஷின் கம்பெனியிலிருந்து அறிக்கை வந்திருக்கு. மெஷின் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. நானும் விதிமுறைப்படிதான் செஞ்சிருக்கேன்."

"சரி."

"கூட வந்தவர் தவறான தகவல் தந்ததே காரணம்னு எழுதியிருக்காங்க. நான் கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது."

"போட்டாச்சா?"

"இல்லை." சார் காகிதத்தை மடித்தார், பிரித்தார். "எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது மேடம். மெஷின் மேல தப்பில்லை. என் மேலயும் தப்பில்லை. அந்த மனுஷனும் தெரிஞ்சா பொய் சொன்னார்? ஆனா ஒரு உயிர் போயிடுச்சே. அப்ப தப்பு எங்கதான் இருக்கு?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"துட்டி கேட்டுட்டீங்களா சார்?"

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத்தான் நாங்கள் துட்டி கேட்பது என்போம். சாரும் திருநெல்வேலிக்காரர்தான், தெரியாததில்லை. ஆனாலும் திகைத்துப்போய் நின்றார்.

"நான் எப்படிப் போறது மேடம்? அடிக்க வந்துட்டா?"

"வந்தா வாங்கிக்கணும். சிஸ்டர், நீங்களும் கிளம்புங்க."

ஜீப்பில் கிளம்பினோம். ரெண்டு பக்கமும் உப்புப் பாத்திகளில் தண்ணீர் வெயிலுக்கு மின்னிக்கொண்டிருந்தது. சாரால் பொறுக்க முடியவில்லை.

"அங்க போய் நான் என்ன மேடம் சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். துட்டி வீட்ல எல்லாரும் என்ன கேப்பாங்க?"

"எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க."

"அதையே கேளுங்க. கேட்டுட்டு, அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருங்க."

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. அய்யாத்துரையின் அக்கா மூன்று பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "ஆறு நாளாச்சு, இந்த மனுசன் ஒரு சொட்டு அழலம்மா. கல்லு கணக்கா உக்காந்திருக்கான்" என்று என் காதில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அய்யாத்துரை எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார். எழுந்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்க சார். நான் தப்பா சொல்லிட்டேன்."

செத்தது அவர் பெண்டாட்டி. மன்னிப்புக் கேட்பதும் அவரா?

"மெஷின் நல்லாத்தான் கேட்டுச்சு. நெஞ்சுவலி இருக்கான்னு கேட்டுச்சு. நான் இல்லைன்னுட்டேன். கம்பெனியிலருந்து போன் போட்டாவ. நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு கேட்டாவ. எல்லாம் என் தப்புதான்யா, நானே அவளைக் கொன்னுட்டேன்னு சொல்லிட்டேன்."

சார் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் நாற்காலியை அய்யாத்துரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி ஆச்சு அய்யாத்துரை?"

துட்டி வீட்டில் அந்தக் கேள்விக்கு எல்லோரும் முதலிலிருந்துதான் சொல்வார்கள். அவரும் முதலிலிருந்து சொன்னார்.

"வெள்ளிக்கிழம சுமக்கும்போது நடுவரப்புல நின்னா சார். என்னட்டி நிக்கேன்னேன். மூச்சு வாங்குதுன்னா. கெழவியாயிட்ட போன்னு கேலி பண்ணினேன்."

"முன்னாடி இப்படி நிப்பாங்களா?"

"எங்க! அம்பது நடை போனாலும் நிக்கமாட்டா. அன்னைக்கு ரெண்டு நடைக்கு ஒருக்க நின்னா."

"அப்புறம்?"

"சனிக்கிழம இடது கையில கூடையைப் பிடிக்க முடியல, கடுக்குன்னு சொல்லி வலது கைக்கு மாத்துனா. ஞாயித்துக்கிழம சாயங்காலம் தாடை வலிக்குன்னு கிராம்பை வச்சுக் கடிச்சா. சொத்தைப் பல்லு ஒண்ணும் கிடையாது, அதான் எனக்கும் புரியல. திங்கக்கிழம காலைல எந்திரிச்சதும் வேர்த்து ஊத்துச்சு. உடுத்தியிருந்த சேலை அப்படியே நனைஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான்தான் வம்படியா கூட்டிட்டு வந்தேன்."

சார் இடைமறிக்கவே இல்லை. நானோ நர்ஸ் படிப்பு படித்தவள்தான். எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் விழ விழ, எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாமா என்று இருந்தது. நர்ஸ் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள்கூட இதைக் கேட்டால் மாரடைப்பு என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"இதெல்லாம் நெஞ்சுவலியா சார்? நெஞ்சு வலிக்குன்னு அவ ஒரு தரம்கூட சொல்லலியே. அதான் நான் இல்லைன்னேன்."

"நீங்க தப்பா சொல்லல அய்யாத்துரை."

"கம்பெனிக்காரவுக..."

"அவங்க எழுதினது இதுதான்." சார் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "இதுல உங்க மேல தப்புன்னு போட்டிருக்கு. என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. சிஸ்டர், பேனா கொடுங்க."

கொடுத்தேன். அந்த வரியை அடித்தார். மேலே எழுதினார், எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

"நோயாளி என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் திரையைப் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை. அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆவுடையப்பன்."

"என் பேரையும் எழுதுங்க சார்" என்றேன். "அவ கை ஜில்லுனு இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. நான் வாயைத் திறக்கல." சார் என் பெயரையும் எழுதினார்.

அய்யாத்துரை அந்தக் காகிதத்தையே பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். கும்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் முகம் மெல்ல மாறியது. கோபம் வந்தது. வரட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது, ஆறு நாளாக அதையெல்லாம் தன் மேலேயே அல்லவா கொட்டிக்கொண்டிருந்தார்! வேகமாக எழுந்தார். சாரும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார். சார் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை.

அடி விழவில்லை. அய்யாத்துரை அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, "ஏட்டி, சம்முவக்கனி" என்று அவள் பெயரைச் சொல்லிக் கதறி அழுதார். உள்ளே இருந்து அக்கா ஓடிவந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நாங்கள் மூன்று பேரும் அசையாமல் இருந்தோம்.

ரொம்ப நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப கேட்ட மாதிரி அன்னைக்குக் கேட்டிருந்தா, அவ பொழைச்சிருப்பாளா சார்?"

சார் திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தார்.

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து இறங்கி, அய்யாத்துரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தெரியாது அய்யாத்துரை" என்றார். "கேட்டிருந்தாத்தான் தெரிஞ்சிருக்கும்."