பதினாலாவது எலி

“நூற்றி எண்பத்தாறு கட்டுரை எழுதியிருக்கேன், அம்மை. ஒன்பதாயிரம் தடவை மத்தவங்க என்னை மேற்கோள் காட்டியிருக்காங்க. அப்படியும் இந்த வருஷ விருது வேறொருத்தருக்குப் போயிடுச்சு. மனசு ஆறவே மாட்டேங்குது.”

சொன்னவர் வேலாயுதப்பெருமாள். ஞாபகம் மூளையில் எப்படித் தங்குகிறது என்று சென்னையில் ஆராய்கிறவர்.

கேட்டவர் தவமணி அம்மை. ஏலகிரி மலையில் சின்னதாக ஒரு தியான மடம் நடத்துகிறவர். அதற்குமுன் இருபது வருஷம் தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். வேலாயுதப்பெருமாளைவிட ஆறு வயது இளையவர்.

தியானத்தில் இருப்பவரின் மூளையைப் படம்பிடிக்கத்தான் வேலாயுதப்பெருமாள் முதலில் அங்கே வந்தார். படம் பிடித்து முடித்தும் வருவது நிற்கவில்லை.

அம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அதிகம் பேர் மேற்கோள் காட்டினது எது?”

வேலாயுதப்பெருமாள் பையிலிருந்து எடுத்தார். எப்போதும் பையில் இருக்கும் கட்டுரை அது.

“வாசிங்க, டாக்டர்.”

“உங்களுக்குப் புரியாதே.”

“புரியிற மாதிரி வாசிங்க.”

வாசித்தார். ஒரு மருந்து. அதைக் கொடுத்தால் எலிகள் தீனிக்குப் போகும் பாதையை மறந்துவிடும். பதினாலு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அம்மை கையைத் துடைத்துக்கொண்டு, கட்டுரையில் முடிவைப் புள்ளிகளாகக் காட்டியிருந்த படத்தை வாங்கினார். கடிதம் பிரித்துப் பழகிய விரல் புள்ளி புள்ளியாக நகர்ந்தது.

“ஒரு எலிக்கு ஒரு புள்ளியா?”

“ஆமா.”

“பதிமூணுதான் இருக்கு.”

“ஒண்ணுமேல ஒண்ணு விழுந்திருக்கும்.”

“விழுந்திருக்கா?”

வேலாயுதப்பெருமாள் படத்தைத் திரும்ப வாங்கிப் புள்ளிகளை எண்ணினார்.

அம்மை மறுபடி வெண்டைக்காயை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வேலாயுதப்பெருமாள் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருஷத்துப் பழைய நோட்டைத் தேடி எடுத்தார். பதினாலாவது எலி அங்கே இருந்தது. மருந்து ஏறியும் பாதையை மறக்காமல் நேராகப் போய்த் தீனியைத் தின்றிருந்தது.

அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், ‘ஒத்துவரவில்லை, விட்டுவிடலாம்.’

கையெழுத்து அவருடையதுதான்.

அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். மருந்தால் மறதி வருகிறது என்ற முடிவு நிற்கவில்லை.

இது யாருக்கும் தெரியாது. அம்மைக்கு மட்டும் பாதி தெரியும். அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அவர் சொல்லிவிட்டாலாவது தேவலை என்று வேலாயுதப்பெருமாள் மூன்று நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் ஆய்விதழுக்கு எழுதினார். ‘ஓர் எலியை நான் மறைத்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.’

அறிவிப்பு வெளிவந்ததும் ஒரு மாநாட்டை நடத்துகிறவர்கள் அவருக்கு அனுப்பிய அழைப்பை ரத்து செய்தார்கள். ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் கூப்பிட்டு, “இதெல்லாம் தேவையா சார்?” என்றார். கூட எழுதிய இருவர் போனை எடுப்பதில்லை.

அறிவிப்பு வந்த பத்தாம் நாள் புனேயிலிருந்து ஒரு மெயில் வந்தது. ருஜுதா என்று ஒரு பெண். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள்.

‘ஐயா, மூன்று வருடமாக உங்கள் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். என் எலிகளில் சில பாதையை மறப்பதே இல்லை. என் கைதான் சரியில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். போன வாரம் விலகல் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். இன்று உங்கள் அறிவிப்பைப் படித்ததும் கிழித்துவிட்டேன். அந்தச் சில எலிகள் ஏன் மறப்பதில்லை என்று எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது. உங்களுக்கு அதில் ஆர்வம் உண்டா?’

வேலாயுதப்பெருமாள் அதை நாலு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனார். நடந்ததையெல்லாம் அம்மையிடம் சொன்னார்.

அம்மை கேட்டுக்கொண்டார். ஒரு தட்டில் சூடாக உப்புமாவை வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

வேலாயுதப்பெருமாள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

“அடுத்த மாசம் வரமாட்டேன், அம்மை. புனேக்கு டிக்கெட் போட்டிருக்கேன்.”

“அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கவா?”

“இல்லை” என்றார் வேலாயுதப்பெருமாள். “எழுதிக்க ஒரு புது நோட்டு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கா.”