நரிப்புடவு யாழ்

“இன்னைக்காவது வாயைத் திறந்து சொல்லுங்க மேடம். அது யாழா, இல்லையா?”

அருணகிரி கேட்டார். கேட்டார் என்பதைவிட, பொறுமை கெட்டுக் கத்தினார் என்றே சொல்லலாம். மூன்று வருஷமாக இதே கேள்வி. மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

தவமணி பாறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“வரைங்க சார்” என்றார்.

நரிப்புடவு பெரிய குகையெல்லாம் இல்லை. மலைச்சரிவில் ஒரு பாறை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் அடியில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கலாம், அவ்வளவுதான். உள்சுவரில் எந்தக் காலத்து ஆளோ காவிக்கல்லைக் குழைத்து ஓர் உருவத்தைத் தீட்டிவிட்டுப் போயிருந்தார். உருவத்திலிருந்து ஒரு கோடு நீண்டது. கோட்டின் முனையில் வளைவாக ஒன்று.

அந்த வளைவுதான் அருணகிரியின் தூக்கத்தைக் கெடுத்தது.

அவர் கல்லூரியில் காலமெல்லாம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். பாறை ஓவியம் படிக்கணும் என்றால் தவமணியிடம்தான் போகணும் என்று எல்லோரும் சொன்னார்கள், போனார். ஆக, சிஷ்யருக்கு வயசு அறுபது. குருவுக்கு நாற்பதைத் தாண்டி நாலைந்து இருக்கும். சார், மேடம் என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு மலை ஏறுவார்கள்.

“நாளைக்குக் கருத்தரங்கு மேடம். ‘உலகின் முதல் யாழ்’னு அழைப்பிதழே அடிச்சாச்சு. என் சம்பந்தி வேன் பிடிச்சு ஊர்ல இருந்து ஆளைக் கூட்டிட்டு வர்றாரு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் மேடையில நிக்க முடியும். நான் பேசறப்போ எல்லாரும் உங்க மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க.”

“வரைஞ்சாச்சா?”

“வரைஞ்சாச்சு. போன வருஷமும் வரைஞ்சேன். அதுக்கு முந்தின வருஷமும் வரைஞ்சேன். இன்னும் எத்தனை தடவை வரையறது?”

வேலை என்று பார்த்தால் சுலபம்தான். ஓவியம் இல்லாத இடமாகப் பார்த்து நாலு மூலையிலும் டேப் ஒட்டி, கண்ணாடித்தாளைத் தொங்கவிட வேண்டும். தாளின் வழியே தெரிகிற ஒவ்வொரு கோட்டையும் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். காவிக் கோட்டுக்குச் சிவப்புப் பேனா. பாறையின் விரிசலுக்குக் கறுப்புப் பேனா. எதையும் விடக்கூடாது. இதைத் தவிர தவமணி வேறு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்று காலையிலும் ஒரு கூத்து நடந்தது. கோடுகள் மங்கலாக இருக்கின்றன என்று அருணகிரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். தண்ணீர் அடித்தால் காவி அந்த நிமிஷத்துக்குப் பளிச்சென்று தெரியும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். தவமணி வந்து பாட்டிலைப் பிடுங்கினார். திட்டப்போகிறார் என்று அருணகிரி தலையைக் குனிந்தார்.

திட்டவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, வெறும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது உச்சி வெயில். அருணகிரிக்கு நாக்கு வறண்டது.

“மத்தவங்க எல்லாம் ஒரு கோட்டைப் பார்த்தா ஒரு புஸ்தகம் எழுதறாங்க மேடம். உங்ககிட்ட ஒரு புள்ளியைக் காட்டினா, புள்ளிங்கறீங்க.”

“புள்ளிதானே சார்?”

அருணகிரிக்குத் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிய்க்கிற அளவுக்கு அங்கே மிச்சமும் இல்லை.

“சரி, யாழ் இல்லை, வில்லுனே வச்சுக்குவோம். வில்லுக்கு ஒரு நாண் போதுமே. இங்க வளைவுக்குள்ள மூணு நரம்பு இருக்கு. வேட்டைக்குப் போறவன் எதுக்கு மேடம் மூணு நாண் கட்டறான்? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் மலையை விட்டே இறங்கிடறேன்.”

தவமணி எழுந்தார். பையிலிருந்து நீளக் குழாயை எடுத்து, அதற்குள் சுருட்டி வைத்திருந்த இரண்டு பழைய தாள்களை உருவினார். முதல் வருஷத்துத் தாள். இரண்டாம் வருஷத்துத் தாள். இரண்டும் அருணகிரி வரைந்தவை. அன்றைக்கு வரைந்ததையும் அவற்றின் பக்கத்தில் வைத்து, மூன்றையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.



முதல் தாளில் வளைவு சிவப்பு. அதற்குள் மூன்று கோடுகள், மூன்றுமே கறுப்பு.

இரண்டாவதில் ஒன்று சிவப்பாகியிருந்தது.

அன்றைய தாளில் மூன்றும் சிவப்பு.

அருணகிரி மூன்றையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கோடுகள் இம்மியும் பிசகவில்லை. கை சுத்தமான கை. நிறம் மட்டும்தான் மாறியிருந்தது.

எழுந்து பாறைக்கிட்டே போனார். மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனார். மூன்று கோடுகளும் வளைவோடு நிற்கவில்லை. வளைவைத் தாண்டி, வெறும் பாறையில் ஏறி, மேலே எறும்பு ஊர்கிற இடம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தன. நரம்பு இல்லை, பாறையின் விரிசல். வளைவுக்கு உள்ளே இருந்ததை மட்டும் அவர் வரைந்திருக்கிறார்.

அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

“போன வருஷமே இது உங்களுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாமே மேடம். என்னை வேன் பிடிக்கிற வரைக்கும் விட்டுட்டீங்களே.”

“சொன்னேனே சார்.”

“என்ன சொன்னீங்க?”

“வரைங்கன்னு.”

இந்த அம்மாளிடம் பேசிப் பிரயோசனமே இல்லை என்று அருணகிரி வெளியே வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கருத்தரங்கு நடத்துகிற தம்பி.

“ஐயா, பேனர் அடிக்கக் கொடுக்கப்போறோம். தலைப்பு அதேதானுங்களே?”

அருணகிரி திரும்பிச் சுவரைப் பார்த்தார். உலகின் முதல் யாழைக் கண்டுபிடித்தவர் என்று நாளைக்குச் சம்பந்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். பேத்திக்குக்கூட ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்து மேடையேற்ற ஏற்பாடாகியிருந்தது.

“மாத்திக்குங்க தம்பி.”

“என்னன்னு போடட்டுங்க?”

“‘கையில் எதையோ வைத்திருக்கும் மனிதன்’னு போடுங்க.”

“எதையோவா? ஐயா, யாழ்னு சொல்லித்தானே இத்தனை பேர் வர்றாங்க.”

“எதையோன்னே போடுங்க.”

போனைச் சட்டைப்பையில் போட்டார். நெஞ்சு பாரமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு நிம்மதி. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நல்ல வார்த்தை சொல்லாதவர், இன்றைக்குச் சொல்லியே ஆகவேண்டும். அருணகிரி உள்ளே வந்து குருவின் முன்னால் நின்றார்.

தவமணி பழைய தாள்களைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டார். புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“மனிதன்னு எதை வச்சு சார் சொன்னீங்க?”