ராணி பேசிய குரல்கள்

கடல் இருக்கும் இடத்தில் காடு இருந்த காலம் அது. பாழிநாட்டை அதிகமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அவன் மனைவி இளவெயினி காய்ச்சலில் இறந்துபோனாள். அவளைச் சிதையில் வைக்க ராஜா விடவில்லை. உண்ணவில்லை, உறங்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அப்போது உதிரகண்டன் என்ற மந்திரவாதி வந்தான்.

"ராணியை எழுந்து உட்கார வைக்கட்டுமா?"

"உட்கார வை."

"பேச வைக்கட்டுமா?"

"பேச வை."

"அதற்கு என்ன ஆனாலும் சரியா?"

"என்ன ஆனாலும் சரி."

மந்திரவாதி ஓர் இரும்பு ஆணியைக் கொடுத்தான். அவன் சொன்னபடி ராஜாவே அதை ராணியின் உச்சந்தலையில் அடித்து இறக்கினான். ராணி கண் திறந்தாள். அன்று முதல் பட்டும் நகையுமாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊரார் காலையில் வரிசையாக வந்து அவளுடைய குளிர்ந்த கையைத் தொட்டு வணங்கவேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டான். மந்திரவாதி மந்திரியானான்.

செத்தவளுக்குக் குரல் ஏது? மந்திரவாதி ஊராரிடமிருந்து எடுத்துக் கொடுத்தான். முதலில் ஓடக்காரன் ஊமையானான். ராணி ஆண்குரலில் பேசினாள். ராஜா அதையும் ஆசையாகத்தான் கேட்டான். அந்தக் குரல் தேய்ந்ததும் தண்டோரா போடுகிறவன் ஊமையானான். அதுவும் தேய்ந்ததும் செக்காட்டும் வீட்டுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடும்போதே, பாதிப் பாட்டில் ஊமையானாள்.

அவளுடைய மூத்த மகள் தும்பை. மறுநாள் காலை தும்பை அரண்மனை வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. கையைத் தொட்டாள்.

"நல்லா இருக்கியா கண்ணு?" என்றாள் ராணி.

தும்பை நகரவில்லை. "மகாராஜா, இது எங்க அம்மா குரல்" என்றாள்.

சபையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொன்னவர் யாருமில்லை.

"இவள் நாக்கை அறுத்துப் போடுங்கள்" என்றான் மந்திரவாதி.

 தும்பை ராஜாவைப் பார்த்து, "ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ராணியம்மாவின் சொந்தக் குரல் எப்படி இருக்கும்?" என்றாள்.

ராஜா சட்டென்று வாயைத் திறந்தான். "மென்மையாக..." என்றான். இல்லை என்று தலையை ஆட்டினான். "கணீரென்று..." என்றான். அதுவும் இல்லை. மூன்றாவது முறை யோசித்தபோது ஓடக்காரனின் குரல்தான் அவன் காதில் ஒலித்தது. அவன் முகம் வெளுத்துப்போனது.

எழுந்து ராணியின் பின்னால் போய் நின்றான்.

"பிடுங்கினால் போய்விடுவாள்" என்றான் மந்திரவாதி.

"அவள் போய் நாளாகிறது" என்றான் ராஜா. அவன் கை அடித்த ஆணி அவன் கைக்கே வந்தது. நுனியில் ரத்தமில்லை, துருதான் இருந்தது.

ராணி கொஞ்சம் கரகரப்பான, தாழ்ந்த குரலில், "போதும், என்னை அனுப்பிவிடுங்கள்" என்றாள். கேட்டதும் ராஜாவுக்கு அடையாளம் தெரிந்தது. மறுகணம் அந்த உடம்பு எப்போதோ ஆகியிருக்க வேண்டியபடி ஆனது. சபையோர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ராஜா பொத்திக்கொள்ளவில்லை.

மந்திரவாதி மந்திரம் சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அவன் பேசிவந்ததும் யாரிடமோ திருடிய குரல்தான். ஆணி கழன்றதும் அது உரியவரிடம் போய்விட்டது. காவலர்கள் அவனை நாட்டின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்த் தள்ளினார்கள்.

ராஜா தன் கையாலேயே சிதைக்குத் தீ வைத்தான். பிறகு தும்பையை அழைத்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான்.

"வீட்டுக்குப் போகணும்."

அவள் வீட்டாருக்கு ஆற்றங்கரை நிலத்தைக் கொடுத்து, அவளைப் பல்லக்கில் அனுப்பினான். எவரும் சொல்லத் துணியாததைச் சொல்ல இனி அவள் சபைக்கு வரலாம் என்றும் சொன்னான்.

ஆற்றில் ஓடக்காரன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தெருமுனையில் தும்பை பல்லக்கை விட்டு இறங்கினாள். வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"போன பிள்ளையை இவ்வளவு நேரமாக் காணோமே, எங்கடி போனே? சோறு ஆறிப்போச்சு. காது கேக்கலையா?"

தும்பை, இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று அங்கேயே நின்றாள்.