ஐம்பதுக்கும் ஐந்துக்கும் நடுவில்

அந்தக் காலத்தில், உயிரினங்கள் பேசியதோடு நிற்காமல் கணக்கும் போட்டுக்கொண்டிருந்தபோது, நண்டு எல்லாரையும் போல நேராகத்தான் நடந்தது.

ஒரு பங்குனியில் கடலாமை ஒருத்தி கரையேறி நூற்றுப்பத்து முட்டைகள் இட்டாள். குஞ்சுகள் வெளிவரும் காலையில் காக்கைகளை விரட்ட ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வளையிலிருந்த வளையப்பன் என்ற நண்டு அதற்கு ஒப்புக்கொண்டான்.

“நாள் கணக்கை மணலில் எழுதியிருக்கிறேன், தம்பி. பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டு அவள் அலையில் இறங்கினாள்.

ஐம்பது, ஒரு குறி, ஐந்து, துடுப்பால் இழுத்த இரட்டைக் கோடு, கடைசியில் விடை. விடையை மட்டும் எழுதியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆமைகள் பழைய காலத்து ஆட்கள். வழிமுறை இல்லாத விடையை மதிக்க மாட்டார்கள்.

வளையப்பன் வருவதற்குள் நீண்டு வந்த ஓர் அலை நடுக்குறியை மட்டும் நக்கிக்கொண்டு போய்விட்டது. ஐம்பதிலிருந்து நேராக நடந்தவன் அந்த வெற்றிடத்தில் நின்றான். எதிரே ஐந்து தெரிந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. அவன் முட்டாள் அல்ல, நன்றாகவே யோசித்தான். பெருக்கினால் இருநூற்றைம்பது நாள், அதற்குள் முட்டை மண்ணாகிவிடும். வகுத்தால் பத்தே நாள், குஞ்சுக்கு ஓடுகூட முளைத்திருக்காது. மிச்சம் கூட்டலும் கழித்தலும். நாள் முழுவதும் மண்ணுருண்டைகளைக் குவித்தே பழகிய கை, கூட்டல் குறியைப் போட்டது. ஐம்பத்தைந்து நாள் இருக்கிறதே என்று கழிமுகத்திலுள்ள மாமனார் வளைக்கு விருந்துக்குப் போய்விட்டான்.

ஒரு நாள் விடியற்காலையில் உள்ளான் குருவி அங்கே வந்தது.

“மச்சான், உன் வளை வாசலில் ஐம்பதும் ஐந்தும் நாற்பத்தைந்து என்று எழுதியிருக்கிறதே. உங்கள் ஊரில் கூட்டினால் குறையுமோ?”

“நாற்பத்தைந்தா? அதை யார் எழுதியது?”

“ஆமையக்கா கையெழுத்துதான். முதல் நாளிலிருந்தே இருக்கிறது.”

வளையப்பன் நாட்களை எண்ணிப் பார்த்தான். அன்றுதான் நாற்பத்தைந்தாவது நாள். மணல் சூடேறிய வருஷம், ஐந்து நாள் முன்னதாகவே பொரியும் என்று ஆமை கணித்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

அவன் ஓடிச் சேர்ந்தபோது கரையெல்லாம் காக்கைகளின் கால்தடம். கொடுக்கை ஓங்கி அவற்றை விரட்டி, மிஞ்சியிருந்த பத்தொன்பது குஞ்சுகளைக் கடல்வரை கொண்டுபோய் விட்டான்.

பிறகு திரும்பி வந்து தான் எழுதிய குறியின் முன் நின்றான். அதிலிருந்த நிமிர்ந்த கோட்டை மட்டும் கொடுக்கால் துடைத்தான். கணக்கு சரியாகிவிட்டது. குஞ்சுகள் பத்தொன்பதுதான். அவன் அந்த வரியை விட்டு நகரவில்லை. வரிக்கு முகம் காட்டி, ஐம்பதிலிருந்து விடைவரை, விடையிலிருந்து ஐம்பதுவரை, இரு முனையும் கண்ணை விட்டு அகலாதபடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தான்.

அன்று முதல்தான் நண்டு அப்படி நடக்கிறது. கண்களைக் காம்பின் நுனியில் உயர்த்தி, ஒன்றை முதல் எண்ணின் பக்கமும் மற்றதை விடையின் பக்கமும் திருப்பி வைத்திருக்கிறது.