யாரும் தொடாத மீன்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் குளச்சல்காரி செலின் அக்கா. என் இளைய மகள் பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாள்.

ஓர் ஆற்று மடுவில் தாய் நீர்நாய் ஒன்று இருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். அந்த வருஷம் மழையே இல்லை. மடு சுருங்கிச் சேறானது. பிறகு சேறும் வெடித்துப்போனது. மருந்துக்குக்கூட மீன் இல்லை. அவளிடம் பாலும் வற்றிவிட்டது.

"அம்மா, பசிக்குது!" என்றது மூத்த குட்டி. சின்னதுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை.

"இருங்கடா கண்ணுகளா! ஆறு போய்ச் சேருற இடத்துல கடல் இருக்காம். அங்கே மீனுக்குப் பஞ்சமே இல்லையாம். ஓர் எட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்றாள் தாய்.

'சாமி, என் பிள்ளைங்களுக்கு ஒரு வாய் இரைக்கு வழி காட்டு' என்று வேண்டிக்கொண்டு, காய்ந்த ஆற்று மணலிலேயே நடந்தாள்.

கடலுக்கு வந்து சேர்ந்தாள். அலை அடித்த அடியில் உள்ளே இறங்கவே பயம். நல்லவேளையாகப் பாறைகளுக்கு நடுவே ஓரிடத்தில் தண்ணீர் குளம்போல அமைதியாகக் கிடந்தது. உள்ளே மடவை மீன்கள் கூட்டம் கூட்டமாய் மினுங்கின.

'நம்ம மடு மாதிரியே இருக்கே! வெயில் தாழட்டும். மீன் தானா கரையோரம் ஒதுங்கும்' என்று பாறை மறைவில் பதுங்கினாள். ஆற்றில் அதுதான் அவள் வழக்கம். பசி மயக்கத்தில் கண் செருகியது.

விழித்துப் பார்த்தால் குளத்தையே காணோம்! வெறும் ஈர மணல்தான் கிடந்தது. தண்ணீர் பாறை இடுக்கு வழியாகக் கடலுக்குள் வடிந்துவிட்டது. மீன்களும் அதோடு போய்விட்டன.

பாறைமேல் ஒரு கடற்காக்கை உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இங்கே இருந்த தண்ணி எங்கே போச்சு?" என்று நீர்நாய் கேட்டாள்.

கடற்காக்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடியே, எல்லாரும் வாங்கடி! இந்த ஆத்துக்காரி கேக்கறதைக் கேளுங்க! தண்ணி எங்கே போச்சாம்! யாரும் திருடி ஒளிச்சு வெச்சிருந்தா குடுத்துடுங்க!"

கூட்டமே பறந்து வந்து சிரித்தது. "மண்ணைப் புடிக்க வந்தியா ஆத்துக்காரி? நல்லாப் புடி!" என்றது ஒன்று.

நீர்நாய்க்கு முகம் சுண்டிவிட்டது. 'இனி இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்' என்று கரையோரமாய் நடந்தாள்.

கொஞ்ச தூரத்தில் கரைவலை இழுத்தவர்கள் சில மீன்களை ஒதுக்கி வீசிவிட்டுப் போயிருந்தார்கள். உருண்டை உருண்டையாய், வயிறு உப்பி, கொழுகொழுவென்று கிடந்தன. காக்கையும் தொடவில்லை, நண்டும் தொடவில்லை.

"சாமி கண்ணைத் திறந்துட்டார்!" அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்தக் கடற்காக்கை தூரத்திலிருந்து பார்த்துவிட்டாள். "ஏய்! அது பேத்தை! அதைத் தொடாதே!"

"போதும் தாயே! சிரிச்சது போதாதா? எனக்கு நாலு மீன் கிடைச்சா உனக்கு வயிறு எரியுதா?"

"நான் சொல்றதைக் கேளு..."

"கேட்டுத்தான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேனே!" என்று ஒரு மீனைக் கவ்விக்கொண்டு ஓடினாள்.

'திமிரு புடிச்சவ! பட்டாத்தான் தெரியும்' என்று கடற்காக்கை இறகைக் கோதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மீனைக் கண்டதும் மூத்த குட்டி துள்ளியது. "நீயும் வா அம்மா!"

"நான் அங்கேயே தின்னுட்டேன்டா. நீ தின்னு" என்று பொய் சொன்னாள் தாய். சின்னது தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்ததும் தரலாம் என்று பாதியை எடுத்து வைத்தாள்.

சற்று நேரத்தில் மூத்த குட்டி, "அம்மா, வாய் மரத்துப்போச்சு" என்றது. பிறகு, "காலை அசைக்க முடியலம்மா" என்றது. அதற்குப் பிறகு அது ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அவள் மறுபடி கடலுக்கு வந்தாள். சின்னது இன்னும் உயிரோடு இருக்கிறதே, வராமல் எப்படி? நேராகக் கடற்காக்கையின் முன்னால் போய் நின்றாள்.

"மூத்தவன் போயிட்டான்" என்றாள். "சின்னவன் இருக்கான். நீ எவ்வளவு வேணும்னாலும் சிரி. எந்த மீனைத் தின்னலாம்னு மட்டும் சொல்லிடு."

கடற்காக்கை சிரிக்கவில்லை. "நான் பறந்து வந்து தட்டிவிட்டிருக்கலாம்" என்றாள். "எனக்கு இறக்கை இருந்துச்சே."

பிறகு மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். "பேத்தை விஷ மீனு, அதைத் தொடாதே. மடவையைத் தின்னலாம். கடல் தண்ணி ஏறும், வத்தும். ஏறும்போது மீன் உள்ளே வரும். வத்தும்போது அந்த இடுக்கு வழியாத்தான் வெளியே போகும். நீ அந்த வாசல்லயே நில்லு."

நீர்நாய் அப்படியே நின்றாள். தண்ணீர் வற்றத் தொடங்கியதும் மடவை மீன்கள் அவள் காலடிக்கே வந்தன. குட்டிக்கு ஒன்று என்று, பழக்கத்தில் இரண்டு மீனைப் பிடித்துவிட்டாள். ஒன்றை வாயில் கவ்வினாள். மற்றதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீரிலேயே விட்டாள்.

தெரியாத இடத்தில் கேட்கக் கூசுகிறவளும், கேட்க வந்தவளைச் சிரித்து விரட்டுகிறவளும் சேர்ந்துதான் ஓர் உயிரைப் போக்கிவிடுகிறார்கள்.

உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒருத்தி வந்து எதையாவது கேட்டால், சிரிக்காமல் பதில் சொல்லுங்கள் அம்மா.