போதும் என்று சொன்ன குமிழ்

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. வெட்டி அறுத்துப் பலகையாக்கிய பிறகும் பேச்சு நிற்காது. கட்டில் முனகும், கதவு திட்டும். தச்சர்களுக்கு அதனால் வேலை சுலபம். எங்கே சீவ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று மரமே சொல்லிவிடும்.

மலையடிவாரத்தில் சடையன் என்று ஒரு தச்சன். அவன் மனைவி பொன்னாச்சி வீட்டில் பாடினால், எதிர்மலையில் மரம் அறுத்துக்கொண்டிருக்கும் அவனுக்குக் கேட்கும். ஒரு காய்ச்சல் வந்து அவள் குரலை அடியோடு வாங்கிக்கொண்டு போனது. கைக்குழந்தையோ தாலாட்டு இல்லாமல் தூங்க மாட்டேன் என்று வீட்டை இரண்டாக்கியது. அவளுக்குப் பதிலாகப் பாட ஒரு கருவி செய்துவிடுவது என்று சடையன் கிளம்பினான். மடியில் வைத்து மீட்டலாம். வயிறு வெற்றாக இருக்கும், ஓசை அதற்குள் சுற்றி வரும்.

காட்டில் தேக்கு, "நான் கதவுக்குத்தான் லாயக்கு" என்று நழுவியது.

"முதுகுக்கு நான் வர்றேன். முகத்துக்கு மெல்லிசான ஆளாப் பாரு" என்றது ஈட்டி மரம்.

குமிழ் மரம் கொஞ்சம் யோசித்தது. "வர்றேன் சடையா. ஆனா நான் போதும்னா உளியக் கீழ வச்சிரணும்."

"உன் பேச்ச மீறுவேனா?" என்றான் அவன்.

வீட்டில் உட்கார்ந்து, கருவியின் வயிற்றை மேலே மூடும் முகப்பலகையைக் குமிழில் சீவினான். பலகை மெலிய மெலியக் குமிழின் குரல் இனித்தது. ஒரு கட்டத்தில் அது, "போதும்" என்றது. சடையன் தட்டிப் பார்த்தான். இதமான ஓசைதான். ஆனால் வாசலைத் தாண்டவில்லை.

"எதிர்மலைக்குக் கேக்க வேண்டாமா? இன்னும் ஒரே ஒரு சீவல்."

"போதும் சடையா."

பொன்னாச்சி ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையசைத்து, பக்கத்திலிருந்த தொட்டிலைக் காட்டினாள். அவளுக்கு அந்த ஓசையே போதுமாக இருந்தது. அவன் கையை உதறிக்கொண்டு சீவினான்.

படக்கென்று பலகை விரிசல் விட்டது.

"குமிழே!" என்று கூப்பிட்டான். தட்டினான். காதை வைத்தான். மூச்சில்லை. கட்டில் முனகவில்லை, கதவும் திட்டவில்லை. காட்டுக்கு ஓடி ஒவ்வொரு மரமாகக் கெஞ்சினான். எதுவும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கலாமே என்று அவன் அழுத அழுகைக்கு அளவே இல்லை. திரும்பி வந்தபோது குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பொன்னாச்சி அந்தப் பலகையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான், வீணையோ உள்ளே கூடான கிதாரோ எதைச் செய்கிறவரானாலும், ஒவ்வொரு சீவலுக்கும் முகப்பலகையை விரலால் தட்டிக் காதருகே வைத்துக்கொள்கிறார். போதுமா என்றுதான் கேட்கிறார். மரம் பதில் சொல்வதில்லை.