ஆள்காட்டி சொன்னதும் நாரை சொல்லாததும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிறு வலிக்கிற சிரிப்பு. ஆனால் அவசரப்படாதீர்கள், அது கடைசியில்தான் வரும்.

ஒரு காட்டு ஏரி. அதன் கரையில் மஞ்சமூக்கன் என்றொரு விடலை மைனா. கீரி போலச் சீறுவான், தவளை போலக் கத்துவான். சொந்தக் குரல் எதுவென்று அவனுக்கே மறந்துவிட்டது. மீன்கொத்தி விட்டுப்போன கரைப்பொந்து ஒன்றை ஒரு மாதம் கொத்திப் பெரிதாக்கி, மயிலிறகு மெத்தை போட்டு வைத்திருந்தான். அந்தப் பொந்துதான் அவன் உயிர்.

ஒருநாள் ஏரிச் சபை கூடியது. ஆள்காட்டிப் பறவை பதறிக்கொண்டு வந்தாள். அவள் வம்சமே ஏரிக்குள் வறண்ட தரையில்தான் முட்டையிடும். இந்த முறை காலடி மண் காட்டிய குறியை நம்பிக் கரையுச்சியில் இட்டிருந்தாள். வெள்ளம் கரையுச்சிக்குச் சற்றுக் கீழே வரை வரும், குஞ்சுகுட்டிகளோடு எல்லாரும் மேட்டுக்கு ஏறிவிடுங்கள் என்றாள்.

சபைத் தலைவர் நாரை வாத்தியார். ஏரியில் ஓர் அளவுகோல் நட்டு, அதை வைத்தே பாடம் நடத்துபவர். "கோலில் தண்ணீர் ஒரு கணுகூட ஏறவில்லை. உன் காலுக்குத் தோன்றியதையெல்லாம் பாடத்தில் சேர்க்க முடியுமா, அம்மா?" என்றார்.

"ஆளைக் காட்டச் சொன்னா வெள்ளத்தைக் காட்டுறியே, அக்கா!" என்று மஞ்சமூக்கன் அவள் குரலிலேயே இழுத்தான். சபை உருண்டு புரண்டு சிரித்தது.

பொறுங்கள், நான் சொன்ன சிரிப்பு இதுவல்ல.

மறுநாள் காலை அவனுக்கு நாக்கு அரித்தது. வாத்தியார் தூரத்துக் கால்வாய்க்கு மீனுக்குப் போயிருந்தார். இவன் நாணலுக்குள் ஒளிந்து, தொண்டையைச் செருமி, வாத்தியார் குரலில் ஆள்காட்டி சொன்னதையே அட்சரம் பிசகாமல் சொன்னான். முன்னால் மட்டும் "என் ஆராய்ச்சியின்படி" என்று சேர்த்துக்கொண்டான்.

அவ்வளவுதான். முயல்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடின. கீரிக் குடும்பம் ஓடியது. நேற்று அதிகமாய்ச் சிரித்த உடும்புதான் மேட்டில் முதல் ஆள்.

மஞ்சமூக்கன் பொந்துக்குள் மல்லாந்து கிடந்து சிரித்தான். புளுகைக் கட்டிவிட்டவனே ஓடுவானா என்ன?

மதியம், மலையில் பெய்த மழையெல்லாம் ஏரிக்குள் இறங்கியது. கோல் மூழ்கியது. பொந்து நிரம்பியது. மயிலிறகுகள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. நனைந்த கோழி மாதிரி தத்தித் தத்தி அவன் மேட்டில் வந்து விழுந்தான். ஆள்காட்டியின் முட்டைகளுக்கு ஒரு சாண் கீழே வெள்ளம் நின்றது.

அங்கே எல்லாரும், கால்வாயிலிருந்து திரும்பியிருந்த வாத்தியாரைச் சூழ்ந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் விழித்தார். "நானா? நான் எப்போது சொன்னேன்?"

எல்லாத் தலைகளும் மஞ்சமூக்கன் பக்கம் திரும்பின.

"குரல் வாத்தியாரோடதுதான், தம்பி. சொல் யாரோடது?" என்று கேட்டாள் ஆள்காட்டி.

வாயைத் திறந்தான். கற்று வைத்திருந்த நாற்பது குரலில் ஒன்றும் வரவில்லை. சொந்தக் குரல்தான் கீச்சென்று வந்தது. "உங்களோடது, அக்கா. ஊரையே ஏமாத்திட்டேன்னு நினைச்சேன். ஏமாந்தது நான் ஒருத்தன்தான்."

இப்போது சிரிக்கலாம். காடே சிரித்தது, அவனும் சிரித்தான். வாத்தியார் மட்டும் கொஞ்சம் தாமதமாக.

அறிந்தவர் சொல்லை அவர் வாயாலேயே கேட்கத் தெரியாத சபைக்கு, அளவுகோல் இருந்தும் அளவு தெரியாது.